நாலாவது பீடி

அக்காவிடம் எதைக் கேட்டாலும் பதில் இரண்டு பாதியாக வரும். பஸ் வந்துச்சா என்று கேட்டால், "வந்துச்சு, நான்தான் ஏறல" என்பாள். சாப்பிட்டாச்சா என்றால், "சாப்பிட்டேன், வயிறு நெறையல" என்பாள். முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால் கேட்டவருக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. அவளால் நிறுத்த முடியாது. அந்தக் குணத்தைச் சில வருடம் ரசித்தேன், சில வருடம் அதற்குப் பயந்தேன். இப்போது நினைத்தால் ஒரு அசதிதான் வருகிறது.

நான் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் சேர்ந்திருந்த காலம். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதை நடத்தினார். எங்களுக்கு அவர் 'சார்', அவ்வளவுதான். பாத்திரக்கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர். புகையிலையைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை போட்டிருக்கின்றன. நம் நாடும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் சொன்னதைச் செய்கிறார்களா என்று பார்ப்பதும், செய்யாவிட்டால் கேட்பதும்தான் எங்களைப் போன்ற அமைப்புகளின் வேலை. கேட்பது என்றால் மனு, நினைவூட்டல் மனு, அந்த நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல்.

சேர்ந்த புதிதில் ஒரு கணக்கெடுப்புக்காக என்னைப் பாவூர்சத்திரம் தாண்டி ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத தெரு குறைவு. மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு, நாலைந்து பெண்கள் ஒரு வாசலில் உட்கார்ந்து, இலையில் தூளை வைத்து உருட்டி நூல் கட்டிக்கொண்டிருப்பார்கள். பேச்சு நடக்கும், கை நிற்காது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் இருமல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் கிடையாது என்றாள். பக்கத்தில் இருந்தவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"மேடம், அதை எழுதாதீய. மைனி ராத்திரி முழுக்க இருமுதா. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் இல்ல." பிறகு, "எனக்கும் உண்டு. என்னையும் எழுதிக்கிடுங்க."

அதுதான் அக்கா. அப்போது நாற்பது வயது இருக்கும். மைனி என்று, அண்ணி முறை வைத்து, அவள் சொன்னது நான் கேள்வி கேட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை. மைனி முறைத்தாள். அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எழுதிக்கொண்டு போய் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டாள். அறிக்கையாக்கி அரசாங்கத்துக்கு அனுப்புவோம், அரசாங்கம் மாற்று வேலைக்கு ஏற்பாடு செய்யும் என்றேன்.

"செய்யுமா, செய்யணுமா?"

நான் கொஞ்சம் யோசித்து, செய்யணும் என்றேன்.

"அப்பம் அப்படிச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு மாதம் கழித்து அவளாகவே அலுவலகத்துக்கு வந்தாள். மேடம் என்று கூப்பிட்டவள் தங்கச்சி என்று ஆரம்பித்து, சீக்கிரமே உரிமையோடு 'ஏட்டி' போடத் தொடங்கிவிட்டாள். காலையில் வீட்டில் பீடி சுற்றுவாள், மத்தியானம் எங்களோடு வருவாள். சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பீடி சுற்றும் பெண்ணே புகையிலைக்கு எதிராகப் பேசுகிறாள் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவள் முழுவதையும் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

குற்றாலத்தில் சீசன் நேரம் பேரருவிக்குப் போகிற வழியில் நின்று துண்டுத்தாள் கொடுப்போம். சாரலில் தாள் ஊறிக் கையோடு ஒட்டும். எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்குப் போகிறவர்கள் அதை எங்கே வைத்துக்கொள்வார்கள்? வாங்கி நாலடி நடந்து கீழே போடுவார்கள். நான் பொறுக்கிக்கொண்டே வருவேன். ஒருநாள் நாலைந்து பேராக வந்த கூட்டத்தில் ஒருவர், விரலிடுக்கில் சிகரெட்டோடு, நீங்க என்ன வேலை பாக்கிறீங்க என்று அக்காவைக் கேட்டார். சும்மா வம்புக்குத்தான் கேட்டிருப்பார்.

"பீடி சுத்துதேன்" என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்து, கூட வந்தவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள். "நான் சுத்துறதும் நெசம், இது கொல்லுறதும் நெசம். ரெண்டையும் சேத்துக் கேளுங்க" என்றாள். அவர் சிகரெட்டை எறியவில்லை. ஆனால் துண்டுத்தாளைக் கீழே போடாமல் மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்றைய எங்கள் வெற்றி அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவளுடைய ஊரிலேயே பள்ளியை ஒட்டி ஒரு கடை விற்றுக்கொண்டிருந்தது. மனு எழுதினோம். கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போவதற்கு முந்தின நாள், அக்கா நேராக அந்தக் கடைக்காரரிடம் போய், அண்ணாச்சி, உங்க மேல மனு கொடுக்கப் போறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதிகாரிகள் வந்து பார்த்த அன்று கடையில் கடலைமிட்டாயும் பேனாவும்தான் இருந்தன. அவர்கள் போன மறுவாரம் பழையபடி எல்லாம் திரும்பி வந்துவிட்டது. சாருக்குக் கடுங்கோபம். சொல்லாமல் எப்படிப் போவது, தினமும் அந்த அண்ணாச்சி முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று அக்கா கேட்டாள்.

"உண்மைதான்மா. ஆனா எல்லா உண்மையையும் எல்லா எடத்திலயும் சொல்லணுமா?" என்றார் சார்.

"அப்பம் எந்த எடத்துல சொல்லட்டும், சார்?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. இடத்தைச் சொன்னால் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்கிற மாதிரிதான் கேட்டாள். சார் அடுத்த மனுவுக்குத் தாள் எடுத்தார்.

அவள் வீட்டுக்காரர் கேரளத்தில் ஒரு டீக்கடையில் வேலை பார்த்தார். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வருவார். ஒரே மகள், கொல்லத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பற்றிப் பேசும்போது எல்லாத் தாய்மாரையும் போல அக்கா முகம் மலரும். உடனே அடுத்த பாதி வந்துவிடும். "எவனோ பீடி குடிச்சு இருமுதான். அந்தக் காசுலதான் எம் மவ படிக்கா. நாளைக்கு அவனுக்கே ஊசி போடுவா." கேட்ட எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகும். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த இலையை எடுப்பாள்.

உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் எல்லாம் கூடுகிற மாநாடு ஒன்று வெளிநாட்டில் நடக்க இருந்தது. எங்களைப் போன்ற பல நாட்டு அமைப்புகள் சேர்ந்த கூட்டணிக்கு அங்கே பேச இரண்டு நிமிடம் கிடைத்தது. அந்த இரண்டு நிமிடத்தை ஒரு பீடித் தொழிலாளிக்குக் கொடுப்பது என்று முடிவாகி, சார் அக்காவின் பெயரை அனுப்பினார். மொழிபெயர்க்க நான். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எதற்காக வெளிநாடு போகிறீர்கள் என்று கேட்டாராம். "பீடி சுத்துதேன், பீடி வேண்டாம்னு சொல்லப் போறேன்" என்றிருக்கிறாள். அவர் பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

மாநாடு நடந்த ஊரில் எலும்புவரை குளிர். நாலு நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நாட்டுப் பிரதிநிதிகள் எல்லோரும் பேசி முடித்து, நேரம் மிச்சம் இருந்தால்தான் எங்கள் பக்கம் மைக் வரும். ஒரு முழுப் பிற்பகல் ஒரே வாக்கியத்தில் போனது. புகையிலைத் தொழிலை விட்டு வருகிறவர்களுக்கு நாடுகள் மாற்று வழி 'செய்ய வேண்டும்' என்று எழுதுவதா, 'செய்யலாம்' என்று எழுதுவதா? ஒவ்வொரு நாடாக எழுந்து, நன்றி தெரிவித்து, அதைப் பற்றிப் பேசி உட்கார்ந்தது. நான் அக்கா காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நம்ம பஞ்சாயத்து மீட்டிங்கு மாதிரியேதான் இருக்கு, கோட்டு மட்டும் கூடுதல் என்றாள். கடைசியில் 'செய்யலாம்' என்றே முடிந்தது.

மறுநாள் எங்கள் முறை வந்தது. சார் எழுதிக் கொடுத்ததை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அவள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பத்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறேன் என்றாள். சொன்னேன். பீடித் தூள் நெஞ்சுக்குள் போய் எங்கள் தெருவில் மூச்சு கெடாத பெண் இல்லை என்றாள். சொன்னேன். எங்கள் பிள்ளைகள் காலத்திலாவது பீடி இருக்கக் கூடாது என்றாள். அதையும் சொன்னேன். எழுதிக் கொடுத்தது அதோடு முடிந்தது. மைக்கில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து மறுபடி பேசினாள்.

"இங்க வாரதுக்கு மொத நாளு வரைக்கும் நான் பீடி சுத்திட்டுத்தான் வந்தேன். வேற வேலை தராம நிறுத்தினீயன்னா எங்க தெருவுல அடுப்பு எரியாது."

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்பதுதான் புகையிலைக் கம்பெனிகளின் ஆட்கள் எங்கேயும் சொல்கிற வாதம். இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய் நாளைக்கு அவர்கள் தங்கள் வாதத்தில் ஒட்டிவிடுவார்கள் என்று சார் ஊரிலேயே எச்சரித்திருந்தார். இதெல்லாம் எனக்கு அந்த இரண்டு விநாடியில் ஞாபகம் வந்ததா, அல்லது பிற்பாடு நான் சேர்த்துக்கொண்ட காரணமா, தெரியவில்லை. நான் மைக்கில், "தேங்க் யூ" என்றேன்.

கைதட்டல் பலமாக இருந்தது. வெளியே நடைபாதையில் ஆப்பிரிக்க நாடு ஒன்றின் பிரதிநிதியான அம்மா, நரைத்த தலை, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்துவிட்டாயே, எவ்வளவு துணிச்சல் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா அவர் கையை விடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"நான் நாலு தடவை பீடின்னு சொன்னேன். நீ மூணு தடவைதான் சொன்ன. தேங்க்யூ நான் சொல்லவே இல்லியே."

பீடிக்கு ஆங்கிலத்திலும் பீடிதான் என்பதை நான் யோசிக்கவில்லை. முப்பது வருடமாக எண்ணி எண்ணிப் பீடிக்கட்டுப் போட்டவள் அவள். ஒன்று குறைந்தால் தெரியாமல் இருக்குமா?

"இந்தப் பிள்ள கடைசில ஒண்ணு சொல்ல மறந்துட்டான்னு அவகட்ட சொல்லு. சொல்லிட்டு, அதையும் சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டார். நோட்டை எடுத்தார், எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லையே என்றார். அதையும் அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கும் தெரியாது" என்றாள் அக்கா. இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்தபடியே நின்றார்கள்.

திரும்பி வரும்போது விமானத்தில் அவள் ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "நீ மறந்துட்டன்னு சொன்னேன் பாரு, அது பொய். ஒனக்காகச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்." பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

ஊர் திரும்பிய ஒரு வாரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. பீடி கூடாது என்று வெளிநாட்டில் முழங்கிய நம் ஊர்ப் பெண் என்று தலைப்பு. நாங்கள் அனுப்பிய குறிப்பைத்தான் போட்டிருந்தார்கள். அக்கா தெருவில் யாரோ அதை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் நான் போனபோது பெண்கள் எல்லோரும் அக்கா வாசலில் நின்றிருந்தார்கள். முன்னால் மைனி.

"பிளேன் ஏறிப் போயி எங்க பொழைப்புல மண்ணைப் போட்டுட்டு வந்திருக்கியே" என்றாள் மைனி.

அக்கா மறுக்கவில்லை. பீடி வேண்டாம் என்று சொன்னேன், அது உண்மைதான் என்றாள். வேறு வேலை தராமல் நிறுத்தாதீர்கள், நானே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றும் சொன்னேன் என்றாள்.

"அதை எந்தப் பேப்பர்ல போட்டிருக்கான்?"

எந்தப் பேப்பரிலும் போடவில்லை. மாநாட்டுக் குறிப்பிலும் இல்லை. அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் சொன்னதற்கு ஊரில் இருந்த ஒரே சாட்சி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்ற நான். சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால் சார் என்ன சொல்வார், என் வேலை என்ன ஆகும் என்று ஓடியது மனசு. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

மறுநாளிலிருந்து அவளோடு யாரும் உட்காரவில்லை. பெண்கள் மைனி வாசலுக்கு மாறிக்கொண்டார்கள். பேச்சுத்துணை இல்லாமல் பீடி சுற்றுவது எவ்வளவு கடினம் என்று சுற்றியவர்களுக்குத்தான் தெரியும். அக்கா வீட்டுக்குள், கதவை ஒட்டி, தனியாக உட்கார்ந்து சுற்றினாள். அடுத்த மாநாட்டுக்குச் சார் வேறொரு பெண்ணை அனுப்பினார். பீடித் தொழிலை விட்டுத் தையலுக்குப் போனவள். "அவ விட்டுட்டா. அவ சொன்னா நாலு தடவையும் சரியா வரும்" என்றாள் அக்கா. மனத்தாங்கல் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வருவது மாதம் ஒருமுறை ஆகி, பிறகு அதுவும் நின்றது. மனுக்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. மாவட்டம் பிரிந்து தென்காசியே தலைநகரானபோது, முகவரியை மாற்றி அதே மனுக்களை மறுபடி அனுப்பினோம்.

அவளுக்கு மூச்சு கெட்டுக்கொண்டே வந்தது. மகள் கொல்லத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. கடைசி வருடம் நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொளவு சுவரில் சாத்தியிருந்தது. விட்டுவிட்டாயா அக்கா என்று கேட்டேன். "நான் விடல. கைதான் விட்டுட்டு" என்றாள்.

அன்றுதான் கேட்டேன். அந்தச் சாயங்காலம் வாசலில் நான் வாயைத் திறந்திருந்தால் உனக்கு இப்படித் தனியாக உட்காரும்படி ஆகியிருக்காது, இல்லையா என்றேன். மூச்சு வாங்கி வாங்கிப் பதில் சொன்னாள்.

"நீ சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாவளோ என்னவோ. ஆனா நீ சொல்லியிருக்கணும்."

இரண்டு பாதியும் வந்துவிட்டது. எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

அவள் இறந்த செய்தியை மகள்தான் போனில் சொன்னாள். போனபோது தெரு நிறையப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவளோடு பேசாமல் இருந்த பெண்கள் எல்லோரும் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் சொளவு வெளியே வரவில்லை. இத்தனை வருடம் நாங்கள் கொடுத்த மனுக்களில் ஒன்றுக்கும் நடக்காத காரியம் அது. சந்தோஷப்படவும் முடியவில்லை.

எடுத்துக்கொண்டு போனபிறகு மைனி எனக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் வயதாகி முதுகு வளைந்திருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மண்டபம், பச்சை விளக்கு, அக்கா கடைசியாகச் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, பிறகு இந்த வாசலில் நின்றுகொண்டும் சொல்லாமல் விட்டது. என் வேலைக்குப் பயந்துதான் என்பதையும் சொன்னேன்.

மைனி சேலை முந்தியைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டாள். திட்டவில்லை.

"அப்பமே சொல்லியிருந்தீயன்னா நான் அவகூட ஒக்காந்திருப்பனே, தாயி."

வெயில் தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தது. நாற்காலி வாடகைக்காரர் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். மைனி டம்ளரை வாங்கிக்கொண்டு, நாளைக்குச் சுத்துறதுக்கு இலை நனைக்கணும் என்று தனக்குத்தானே சொன்னபடி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.